கிராபிக்ஸ் கார்டு மாற்றும் முன்பும் பின்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டை மாற்ற நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும் பல வருடங்களாக என்னிடம் கேட்டுவரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். "புது கார்டு சரியில்லை" என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் முக்கால்வாசியில் கார்டு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்றை, எஸ்எம்பிஎஸ்ஸையோ (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கேபினட்டையோ பயாஸையோ (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்), யாரும் பார்க்காமல் விட்டிருந்தார்கள். அதனால் பாதிக் கேள்விகள் காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பற்றியே இருக்கும்.

புது கார்டு போட்டா கம்ப்யூட்டர் மொத்தமும் ஸ்பீடாயிடுமா?

ஆகாது. கேம், முப்பரிமாண வேலை, வீடியோ எடிட்டிங்கில் எஃபெக்ட்டும் எக்ஸ்போர்ட்டும், சொந்த கம்ப்யூட்டரிலேயே ஓட்டும் ஏஐ மாடல்கள் ஆகியவற்றில்தான் வித்தியாசம் தெரியும். விண்டோஸ் திறக்கும் நேரமோ, பிரவுசரில் நாற்பது டேப் திறந்தால் திணறுவதோ மாறாது. அதுதான் உங்கள் குறை என்றால் எஸ்எஸ்டி அல்லது கூடுதல் ரேம் வாங்குங்கள். செலவும் குறைவு.

கேம் திணறுது. கார்டுதான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கேம் ஓடும்போது கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் கார்டு தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்டது, மாற்றினால் பலன் உண்டு. 60, 70 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கார்டு காத்திருக்கிறது, ப்ராசசர் வேலையைத் தாமதமாக அனுப்புகிறது என்று பொருள். எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது) நீங்களே வரம்பு வைத்திருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

இங்கே பலர் ஏமாறுவது ப்ராசசர் சதவீதத்தில். "ப்ராசசர் வெறும் 30 சதவீதம்தான் ஓடுது, அதுல பிரச்சனை இல்லை" என்பார்கள். எட்டு கோர் உள்ள ப்ராசசரில் ஒரே ஒரு கோர் முழுக்கத் திணறினாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் காட்டும். அதைவிட நம்பகமான சோதனை ஒன்று: அதே கேமை, அதே இடத்தில், ரெசல்யூஷனை மட்டும் குறைத்து ஓடவிடுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் அந்த கேம் அங்கேயேதான் நிற்கும்.

எந்தக் கார்டு வாங்கினாலும் என் பழைய மதர்போர்டுல உட்காருமா?

உட்காரும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் வடிவம் தலைமுறை மாறினாலும் மாறவில்லை. 3.0 போர்டில் 5.0 கார்டும் வேலை செய்யும், இரண்டில் எது மெதுவானதோ அந்த வேகத்தில். பெரும்பாலான கார்டுகளுக்கு இதனால் இழப்பு சில சதவீதம்தான்.

விதிவிலக்கு, லேன் (டேட்டா போய்வரும் பாதை) குறைவாக உள்ள கார்டுகள். ஸ்லாட் 16 லேன் நீளம் இருந்தாலும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 போன்றவை 8 லேன்தான் பயன்படுத்துகின்றன. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் 4 லேன்தான், மெமரியும் 4 ஜிபிதான். 3.0 போர்டில் அதன் வேகம் கண்கூடாக விழுந்தது. மெமரி நிரம்பியதும் கார்டு ரேமைத் தேடிப் போகிறது, போகிற வழியோ குறுகல். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் கார்டின் லேன் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. அப்புறம், கார்டை எப்போதும் ப்ராசசருக்குப் பக்கத்தில் உள்ள முதல் நீள ஸ்லாட்டில் போடுங்கள். கீழே உள்ளதும் அதே நீளம் இருக்கலாம், உள்ளே 4 லேன் மட்டும் இருக்கும்.

கேபினட்ல இடம் இருக்கான்னு எப்படி அளக்கறது?

பின்பக்க ஸ்லாட் மூடித் தகடுகளின் உள்பக்கத்திலிருந்து முன்னால் உள்ள ஃபேன் வரை டேப் வைத்து அளக்கவும். கேபினட்டின் முன் தகடு வரை அளந்தால் தப்பாகிவிடும். முன்னால் ஃபேன் இருந்தால் சுமார் 25 மில்லிமீட்டர் போகும், லிக்விட் கூலரின் ரேடியேட்டரும் இருந்தால் இன்னொரு 27, 30 மில்லிமீட்டர். கிடைத்த நீளத்தில் பத்து மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள், கார்டைச் சாய்த்து உள்ளே இறக்க அந்த இடம் வேண்டும்.

நீளத்தை எல்லோரும் அளக்கிறார்கள். உயரத்தை அளப்பவர்கள் குறைவு. பவர் கேபிள் கார்டின் மேல் விளிம்பில் செருகப்பட்டு, பக்கவாட்டுக் கண்ணாடியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி மூட வேண்டும் என்பதற்காகக் கேபிளை அழுத்தி மடக்கினால் என்ன ஆகும் என்பதை 16 பின் கேள்வியில் சொல்கிறேன். தடிமனையும் பாருங்கள்: மூன்று ஸ்லாட் கார்டு கீழே உள்ள சாட்டா போர்ட்டையோ (ஹார்ட் டிஸ்க் கேபிள் மாட்டும் இடம்) முன்பக்க யுஎஸ்பி கேபிளையோ மறைத்துவிடலாம்.

என் எஸ்எம்பிஎஸ் 500 வாட். போதுமா?

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்து நான் பதில் சொல்வதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். அதில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் ப்ராசசரும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 41 ஆம்பியர் என்றால் 41 பெருக்கல் 12, அதாவது 492 வாட். சரி, அது உண்மையான 500 வாட் எஸ்எம்பிஎஸ். அதே 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டு, 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 300 வாட்தான்.

அடுத்தது கூட்டல். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட், இன்டெல்லின் ஆர்க் பி580 190 வாட், ஆர்டிஎக்ஸ் 5090 என்றால் 575 வாட். இதோடு ப்ராசசர் உச்சத்தில் எடுப்பதையும், மற்றவைக்கு ஒரு 60, 70 வாட்டையும் சேர்த்து, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் வையுங்கள். அந்த மிச்சம் எதற்கு என்றால், இன்றைய கார்டுகள் சராசரியாக 200 வாட் எடுத்தாலும் கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு இரண்டு, மூன்று மடங்கு வரை எகிறிவிட்டு இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அதைக் கோளாறு என்று நினைத்து அணைந்துவிடும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி செய்தவை, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தம் திறனைப் போல இரு மடங்கு வரை தாங்க வேண்டும். புதிதாக வாங்குவதானால் அந்த விதிக்கு உட்பட்டதாகவே வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாது என்றால், தனிக் கேபிள் தேவைப்படாத கார்டு ஒரு வழி. ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். ஆர்எக்ஸ் 6400, ஜிடிஎக்ஸ் 1650-ன் சில மாடல்கள் அதிலேயே ஓடிவிடும். வேகம் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

கார்டுல ரெண்டு 8 பின் இருக்கு. ஒரே கேபிள்ல ரெண்டு தலை இருக்கே, அதையே செருகலாமா?

6 பின் கேபிளுக்கு 75 வாட், 8 பின்னுக்கு 150 வாட் என்பது கணக்கு. இரண்டு தலையையும் ஒரே கேபிளிலிருந்து எடுத்தால், அந்த ஒரு கேபிள் 300 வாட் சுமக்கும். நல்ல கம்பெனிக் கேபிள் தாங்கலாம், ஆனாலும் நான் அப்படிப் போட மாட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு தனிக் கேபிளுக்கு இடம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக இழுங்கள்.

ப்ராசசருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் ஒன்றல்ல. 12 வோல்ட் வயரும் கிரவுண்ட் வயரும் இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கம். கார்டுக்கானது 6, 2 என்று பிரியும், ப்ராசசருக்கானது 4, 4 என்று பிரியும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது வேறு கேபிள்.

பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் அப்படியே உள்ளே ஓடிட்டு இருக்கு. புது எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாத்திட்டு அதே கேபிளைச் செருகட்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் ஞாபகத்தில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கார்டு பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே பின் வரிசை மாறியிருக்கும். பிளாஸ்டிக் மட்டும் அழகாகப் பொருந்தும்.

நான் இதைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். புது எஸ்எம்பிஎஸ் போட்ட அன்று, கேபினட்டின் பின்னால் கட்டி வைத்திருந்த சாட்டா கேபிளை அவிழ்க்கச் சோம்பல்பட்டு அதையே செருகினேன். பட்டனை அழுத்தியதும் ஒரு சிறு "டிக்" சத்தம், அப்புறம் கருகிய வாசனை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் போயின. அதில் ஒன்றில் இருந்த போட்டோக்களுக்கு வேறு பிரதி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் கேபிள்கள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

16 பின் கேபிள் உருகிப் போகுமாமே? பயமா இருக்கு.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 16 பின் என்பது பெரிய புது கார்டுகளில் பல 8 பின்களுக்குப் பதிலாக வரும் ஒற்றை பவர் முனை. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது சிலருக்கு அந்த முனை உருகியது. 8 பின்னில் 150 வாட்டை 12 வோல்ட் சுமக்கும் மூன்று பின்கள் பகிர்ந்துகொள்கின்றன, ஒவ்வொன்றிலும் சுமார் 4 ஆம்பியர். 16 பின்னில் 600 வாட்டை ஆறு பின்கள் பகிர வேண்டும், ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல். பின் பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தால் அந்த இடம் சூடாகிறது. பிறகு 2023-ல் வந்த திருத்தப்பட்ட முனையில், சரியாக உள்ளே போகாவிட்டால் கார்டு மின்சாரம் எடுக்காதபடி உணர் பின்களைக் குட்டையாக்கினார்கள்.

செருகியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிள் முனைக்கும் கார்டின் துவாரத்துக்கும் நடுவே முடி அளவு கோடு தவிர இடைவெளி தெரியக் கூடாது. முனையிலிருந்து முதல் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குக் கேபிள் நேராக வந்துவிட்டு அப்புறம் வளையட்டும். கேபினட் உயரம் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான். 200 வாட்டுக்குள் அடங்கும் கார்டில் சுமை மிகக் குறைவு, இருந்தாலும் செருகியதைச் சரிபார்ப்பது அதற்கும் பொருந்தும்.

8 ஜிபி போதுமா, 16 ஜிபி வாங்கணுமா?

ஒரே பெயரில் இரண்டு மெமரி அளவில் கார்டுகள் வருகின்றன: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டிலுமே 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். மெமரி போதும் வரை இரண்டும் ஒரே வேகம். நிரம்பிய நிமிடத்தில் 8 ஜிபி கார்டு திக்கித் திணற ஆரம்பிக்கும், அல்லது டெக்ஸ்ச்சர்கள் களிமண் பூசியது போல மங்கும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே காட்டும், திரும்பும்போது மட்டும் படக்கென்று நின்று போகும்.

1080பி மானிட்டரில் பழைய கேம்களும் ஆன்லைன் போட்டி கேம்களும் ஆடுவதற்கு 8 ஜிபி போதும். 1440பி மானிட்டர், புதிய பெரிய கேம்கள், நாலைந்து வருடம் மாற்றும் எண்ணம் இல்லை என்றால் 12 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள். ஏஐ மாடல் ஓட்டுவது நோக்கமானால் வேகத்தைவிட மெமரியைத்தான் பார்க்க வேண்டும். மாடல் மெமரிக்குள் அடங்கவில்லை என்றால் கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

பழைய டிரைவரை எடுத்துட்டுத்தான் புதுசு போடணுமா?

என்விடியாவிலிருந்து என்விடியாவுக்கோ, ஏஎம்டியிலிருந்து ஏஎம்டிக்கோ மாறுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. புது டிரைவரை மேலேயே போடலாம். கம்பெனி மாறினால் மட்டும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியை சேஃப் மோடில் ஓட்டிச் சுத்தம் செய்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துக் கார்டை மாற்றுங்கள். அந்த நேரத்தில் இன்டர்நெட்டைத் துண்டித்து வைக்கவும், இல்லையென்றால் நீங்கள் எடுத்ததை விண்டோஸ் தானே கொண்டுவந்து போட்டுவிடும். புது டிரைவர் ஃபைலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நானே மாத்தலாமா? எதையாவது உடைச்சிடுவேனோன்னு இருக்கு.

தாராளமாக மாற்றலாம். மெயின் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, அதன் பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொடுங்கள். பழைய கார்டின் பவர் கேபிளைக் கழற்றி, பின்பக்க ஸ்க்ரூக்களை எடுங்கள்.

உடைவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: ஸ்லாட்டின் உள்பக்க முனையில் உள்ள சிறு பிளாஸ்டிக் கொக்கி. கார்டும் ப்ராசசர் கூலரும் அதை மறைத்திருக்கும், விரல் நுழையாது. ஸ்க்ரூ எடுத்தாயிற்றே என்று கார்டை இழுப்பார்கள், கொக்கி உடையும், சில சமயம் ஸ்லாட்டே போர்டிலிருந்து பிய்ந்து வரும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு குச்சியால் கொக்கியைக் கீழே அழுத்துங்கள், கார்டு லேசாக எழும்பி விடுதலையாவது கையிலேயே தெரியும். உலோக ஸ்க்ரூ டிரைவரை அங்கே விட வேண்டாம், வழுக்கினால் போர்டில் கோடு விழும். புது கார்டைச் செருகும்போது அதே கொக்கி "க்ளிக்" என்று மூடும் சத்தம் வரும் வரை அழுத்தி, அப்புறம்தான் ஸ்க்ரூ போட வேண்டும். கனமான கார்டு என்றால் கீழே ஒரு தாங்கி வையுங்கள்.

போட்டாச்சு, ஆனா டிஸ்ப்ளே வரல!

மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து கார்டின் பவர் கேபிள். பிறகு கார்டைக் கழற்றி, மேலே சொன்ன "க்ளிக்" வரும்படி மறுபடி செருகுங்கள். மூன்றில் ஒன்றில் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் மானிட்டரை மாட்டிப் பாருங்கள். இன்டெல்லில் பெயர் எஃப் எழுத்தில் முடியும் ப்ராசசர்களில் அது கிடையாது, பழைய கார்டைத்தான் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய கார்டில் வருகிறது, புதிதில் வரவில்லை என்றால் பயாஸைச் சந்தேகியுங்கள். பழைய கார்டு உள்ளே இருக்கும்போதே மதர்போர்டு கம்பெனியின் கடைசி பயாஸுக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

என் மானிட்டர்ல விஜிஏ மட்டும்தான் இருக்கு. கன்வர்ட்டர் போதுமா?

வெறும் முனையை மாற்றும் மலிவு கன்வர்ட்டர் போதாது, இன்றைய கார்டுகளிலிருந்து அனலாக் சிக்னலே வராது. டிஸ்ப்ளே போர்ட்டையோ எச்டிஎம்ஐயையோ விஜிஏவாக மாற்றும் சிப் உள்ள ஆக்டிவ் கன்வர்ட்டர் வேண்டும். ஆனால் அந்த மானிட்டருக்காகப் பெரிய கார்டு வாங்குவதைவிட, கார்டில் ஒரு படி இறங்கி மானிட்டரையும் மாற்றுங்கள் என்பேன்.

ஓடுது, ஆனா பழைய கார்டு மாதிரியேதான் இருக்கு. ஏமாந்துட்டேனா?

விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இலேயே நின்றுகொண்டிருப்பது சர்வசாதாரணம். அப்புறம் ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியில், கார்டு எந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தில், எத்தனை லேனில் ஓடுகிறது என்று கேம் ஓடும்போது பாருங்கள். சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 16 இருக்க வேண்டிய இடத்தில் 4 என்று இருந்தால் தப்பான ஸ்லாட். எல்லாம் சரி என்றால் ப்ராசசர்தான், இரண்டாவது கேள்வியின் சோதனையைச் செய்து பாருங்கள்.

இன்டெல் ஆர்க் கார்டுக்கு ஏதோ பயாஸ்ல மாத்தணுமாமே?

ரீசைசபிள் பார் என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் பார்க்க அது வழிவிடுகிறது. மற்ற கம்பெனிக் கார்டுகளுக்கு இது கொஞ்சம் கூடுதல் லாபம். ஆர்க் கார்டுக்கு இது இல்லாவிட்டால் வேகம் பலமாக அடிபடும். உங்கள் போர்டில் அந்த வசதி இல்லை என்றால் ஆர்க் வாங்க வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ரீசைசபிள் பார் வேண்டுமானால் பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் விண்டோஸைத் திறக்க உதவும் வசதி) என்பதை அணைக்க வேண்டும். உங்கள் விண்டோஸ், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் போடப்பட்டிருந்தால் (புது முறை ஜிபிடி), அணைத்ததும் விண்டோஸ் திறக்காது. மறுபடி ஆன் செய்தால் திறக்கும், எதுவும் அழியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் எம்பிஆரா ஜிபிடியா என்று முன்பே பார்த்து, எம்பிஆர் என்றால் முக்கிய ஃபைல்களைப் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிக்கொள்ளலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் ரிக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டு பயாஸைத் தொடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? மைனிங்ல ஓடினதுன்னு சொல்றாங்க.

கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். ஒரே சூட்டில் நிலையாக ஓடிய சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தேய்வது ஃபேனும் தெர்மல் பேடும் (சூட்டைக் கடத்தும் மெத்தைப் பட்டை). கார்டு ஓடுவதை நேரில் பார்க்காமல் வாங்க மாட்டேன். இருபது நிமிடம் கனமான கேமோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டோ ஓடட்டும். திரையில் புள்ளி, கோடு, நிறக் கட்டம் ஏதாவது வந்தால் கிளம்பிவிடுங்கள். ஜிபியு-இசட்டில் பெயரும் மெமரியும் சொன்னபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயரில் விற்கும் போலிகளில் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும்.

ஆயுளையும் கணக்கில் எடுங்கள். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி இல்லாத கார்டில் திறக்கவே மறுக்கும் கேம்களும் வர ஆரம்பித்துவிட்டன.

விண்டோஸ்ல இருக்கும்போது கார்டோட ஃபேன் சுத்தலையே?

சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைப்பது இன்றைய பல கார்டுகளின் இயல்பு. கேமைத் திறங்கள். சூடு அறுபது டிகிரியைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் சுற்ற ஆரம்பித்துவிடும்.

கேம் நடுவுல திடீர்னு கம்ப்யூட்டரே ஆஃப் ஆகுது. கார்டைத் திருப்பிக் கொடுத்துடவா?

எப்படி நிற்கிறது என்று கவனித்துச் சொல்லுங்கள், பதில் அதில்தான் இருக்கிறது. எரர் எதுவும் இல்லாமல், கரண்ட் போனது போல மொத்தமும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது. மேலே சொன்ன கண நேர எகிறலை அதனால் தாங்க முடியவில்லை. திரை மட்டும் கறுத்து, சத்தம் தொடர்ந்து வந்து, கார்டு ஃபேன் முழு வேகத்தில் இரைந்தால் பவர் கேபிளோ கார்டின் சூடோ காரணமாக இருக்கலாம். கேம் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் தெரிந்தால் டிரைவரையும் ரேமையும் முதலில் பாருங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்திருந்தால் அதை அணைத்துவிட்டு ஒருநாள் ஆடுங்கள்.

மொத்தமும் அணையும் வகை என்றால் காசு செலவில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், எஃப்பிஎஸ்ஸுக்கு 60 என்று வரம்பு வையுங்கள். வழக்கமாக அணையும் அதே இடத்தை ஒரு மணி நேரம் ஆடுங்கள். அணையவில்லை என்றால் கார்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், எஸ்எம்பிஎஸ் அட்டவணையைப் போட்டோ எடுங்கள். அப்படியும் அணைந்தால், எஸ்எம்பிஎஸ் நல்லது என்று நமக்குத் தெரிந்த வேறொரு கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டு ஓட்டுங்கள். அங்கேயும் அணைந்தால் மட்டும் பில்லைத் தேடி எடுங்கள்.